மருத்துவன் ஏந்திய வாள்

கல்லூரி விழா மலரொன்றிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைக்குரிய பொருள்கள் இன்னவை என்று ஒரு வழக்கம் உண்டு. கற்பித்த ஆசான்மாரின் பெருமை, துடுப்பாட்டப் போட்டிகளின் வெற்றி, விடுதிச் சாலையின் கறி, நாவலர் பெருமான் வகுத்த சைவக் கல்வி நெறி ஆகியவற்றை அன்பர்கள் பலர் எம்மினும் நன்றாக எழுதியுள்ளனர், இனியும் எழுதுவர். நாம் ஈண்டு எழுதப் புகுவது ஒரு திரைப்படத்தைப் பற்றியாகும். கல்லூரி மலருக்குச் சினிமாவும் ஒரு பொருளா என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். எம்முடைய காலத்து விடுதிப் பொறுப்பாசிரியரும் அவ்வாறே சுளித்தவர்தாம். ஆயினும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகத்து ஊர்களிலிருந்து பட்டினத்துக்கு வந்து படித்த மாணவர் ஒரு தலைமுறையினரை, வாள் என்றால் என்ன, வீரம் என்றால் என்ன, அடிமை என்றால் என்ன என்று எண்ண வைத்தவற்றுள் அப்படமும் ஒன்று. ஆதலின் அதனைப் பாராட்டி எழுதுதல் தகும் என்றே துணிந்தோம்.

யாம் குறிப்பது 1965 ஆம் ஆண்டு யூலை மாதம் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்னும் படத்தையே. பத்மினி பிக்சர்ஸ் சார்பிற் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கியது. எம். ஜி. இராமச்சந்திரன் கதாநாயகர், செயலலிதா கதாநாயகி, கடற்கொள்ளைத் தலைவனாக எம். என். நம்பியார், நகைச்சுவைக்கு நாகேஷ். வசனம் ஆர். கே. சண்முகம், இசை விசுவநாதன் இராமமூர்த்தி இருவர். 1959 இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961 இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ ஆகிய வரலாற்றுப் படங்களைச் சிவாஜி கணேசனைக் கொண்டு எடுத்த பந்துலு, எம். ஜி. ஆருடன் முதன்முதல் இணைந்தது இப்படத்திலேதான். முன்னைய இரண்டும் சிறையிலும் தூக்குமரத்திலும் முடிந்த உண்மைச் சரித்திரங்கள். இதுவோ கற்பனை நாடொன்றின் கதை, வெற்றியிலே முடிவது. எனினும் இதன் வேரும் சரித்திரத்திலேதான் ஊன்றியிருக்கின்றது என்பதைப் பலர் அறியார்.

கதை சுருக்கமானது. நெய்தல் நாட்டிலே கொடுங்கோலாட்சி நடக்கின்றது. மணிமாறன் என்னும் மருத்துவன், ஆட்சியை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றோருக்கு மருந்திடுகின்றான். அக்குற்றத்துக்காக அவனும் கலகக்காரருடன் சேர்த்துப் பிடிக்கப்பட்டுக் கன்னித்தீவிலே அடிமையாக விற்கப்படுகின்றான். அங்கிருந்து கப்பலேறித் தப்பியவர்கள் கடற்கொள்ளைக்காரர் பிடியிற் சிக்கி, விரும்பாத தொழிலை மேற்கொள்ள நேர்கின்றது. தீவுத் தலைவனின் மகள் பூங்கொடியின் காதலும், கொள்ளைத் தலைவனுடன் வாட்போரும், இறுதியிலே விடுதலையும் தொடர்கின்றன.

இக்கதையின் மூலம் இரபேல் சபாதினி 1922 இல் எழுதிய ‘கப்டன் பிளட்’ என்னும் ஆங்கில நாவலாகும். 1935 இல் எரோல் பிளின் நடித்த படமாக அது உலகெங்கும் ஓடியது. அந்நாவலுக்கும் பின்னால் உயிருள்ள மனிதர் ஒருவர் நிற்கின்றார். 1685 இல் இங்கிலாந்திலே இரண்டாம் யேம்சு மன்னனுக்கெதிராக மொன்மத் கோமகன் கிளர்ச்சி செய்தபொழுது, ஹென்றி பிற்மன் என்னும் சத்திர வைத்தியர் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். அதற்காக அவர் தண்டிக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள பார்படோசுக்கு அனுப்பப்பட்டு, அங்கே விற்கப்பட்டார். 1687 இல் சிறு படகொன்றிலே தோழர் சிலருடன் தப்பி, பெருந்துன்பங்களுக்குப் பின் தாயகம் சேர்ந்து, 1689 இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து வைத்தியரின் துயரம் நாவலாகி, அமெரிக்கப் படமாகி, சென்னையிலே தமிழுருப் பெற்று, இறுதியில் யாழ்ப்பாணத்துப் படமாளிகையொன்றின் வெண்திரையிலே தீவகத்துச் சிறுவர் கண்முன் தோன்றியது. ஒரு கதை கடல்களைக் கடந்து வரும் விதம் வியப்புக்குரியது.

இனி, படத்தின் அழகைச் சொல்ல வேண்டும். அக்காலத்துத் தமிழ்ப்படங்களுட் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையிலே வந்தன. அரசர் கதைகளோ அரங்கினுள் அமைத்த அட்டைக் கோட்டைகளுக்குள்ளே நடந்தன. ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஈஸ்ற்மன் வர்ணத்திலே, அரங்கை விட்டு வெளியேறிக் கடலுக்கு வந்தது. மேற்குக் கரையிலுள்ள கார்வார்ப் பகுதியிலே கப்பற் காட்சிகளை எடுத்தனர். விரிந்த பாய்களும், கயிற்றேணிகளும், பாறைமீது மோதும் அலையும், அவற்றுக்கு மேலே எல்லையற்ற நீலமுமாகத் திரை முழுவதும் காற்று வீசுவது போன்ற ஒரு மயக்கம் உண்டாயிற்று. வெளியிலே வெயில் கொளுத்த, வாங்கிலே நெருக்கியடித்துக்கொண்டு வியர்வையில் இருந்த எமக்கும் அக்காற்றுப் பட்டது. அடிமைகள் கப்பலைக் கைப்பற்றி, பறவைகளைக் கண்டு விடுதலையைப் பாடும் காட்சியிலே, தனித் தனி மனிதராகத் தெரிந்தவர்கள் ஒரே உடம்பாகி அசைவதைக் கண்டோம். ஓரிருவர் ஆடுவதிலும் ஒரு கூட்டம் இயங்குவதிலே வேறொரு வனப்பு உண்டு. அதனைத் தமிழ்த்திரையிலே 1948 இல் வாசனின் ‘சந்திரலேகா’ தன் முரசு நடனத்தாற் காட்டியது. அம்முரசுகளுக்குள்ளே போர்வீரர் ஒளிந்திருந்தனர். பந்துலுவின் கப்பலிலே ஒளிவு இல்லை, எல்லாம் வெட்டவெளி.

வாட்போரைப் பற்றித் தனியாகச் சொல்லுதல் வேண்டும். எம். ஜி. ஆர். சிறு வயதிலே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்னும் நாடகக் குழுவிற் சேர்ந்து பயின்றவர். சிலம்பமும் வாள்வீச்சும் கைவந்தவர். நம்பியாரும் நவாப் இராசமாணிக்கத்தின் நாடகக் குழுவிலே வளர்ந்தவர். 1951 இன் ‘சர்வாதிகாரி’, 1958 இன் ‘நாடோடி மன்னன்’, 1961 இன் ‘அரசிளங்குமரி’ என்று இருவரும் பல படங்களிலே எதிரெதிர் நின்றனர். இக்காலத்துப் படங்களிற் போல ஒரு வீச்சை ஒன்பது துண்டாக வெட்டி ஒட்டும் வழக்கம் அன்று இல்லை. இருவரின் முழு உருவமும் திரையிலே தெரியும்; கால் எங்கே ஊன்றுகின்றது, இடை எப்பக்கம் சாய்கின்றது, மணிக்கட்டு எவ்வாறு திரும்புகின்றது என்பனவெல்லாம் காண்பவன் கண்ணுக்குத் தப்பா. வாள் மோதுமுன் சொல் மோதும். யானையும் சிங்கமும் உவமையாக வரும் அவ்வாதப் பிரதிவாதத்தை எமது விடுதியிலே மனனஞ் செய்யாதார் இலர். திருக்குறளை மனனஞ் செய்யாமைக்குப் பிரம்படி வாங்கியவர்கூட அதனைத் தட்டுத் தடையின்றி ஒப்பித்தனர்.

ஆயினும் எமக்கு அன்று தெரியாது, முதிர்ந்த பின்னரே தெளிந்த ஓர் உண்மை இருக்கின்றது. திரையிலே வாட்போர் புரியும் இருவர், ஒருவரையொருவர் முற்றும் நம்பினாலன்றி அக்காட்சி நிகழாது. ஒருவர் தலைமேல் வீசும்பொழுது மற்றவர் இன்ன கணத்திலே குனிவார் என்று அறிந்திருத்தல் வேண்டும். எத்தனையாவது அடியிற் பின்வாங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் எண்ணி ஒத்திகை பார்க்கப்பட்டவை. பகைவராய்த் தோன்றுவோர் உண்மையிலே ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்த நண்பர்கள். வாள்வீச்சைக் கலையாக்குவது கூர்மையன்று, இந்நம்பிக்கையே. பரதத்திலே நட்டுவனாரின் தாளத்தை நம்பி ஆடுமாப்போல, இங்கே எதிரியின் தாளத்தை நம்பி ஆடுகின்றனர்.

பிற நாட்டாரும் இக்கலையைத் தத்தம் மரபுக்கேற்ப வளர்த்துள்ளனர். யப்பானியரான அகிரா குரோசாவா 1954 இல் எடுத்த ‘ஏழு சாமுராய்’ படத்திலே, கொள்ளையரிடமிருந்து ஓர் உழவர் கிராமத்தைக் காக்க வாள்வீரர் வருகின்றனர். மழையும் சேறும் அங்கே போரின் கொடுமையைக் கூறும். சீன இயக்குநர் ஷாங் யிமோ 2002 இல் எடுத்த ‘ஹீரோ’ என்னும் படமோ கண்ணுக்கு ஒரு திருவிழா. ஒரே நிகழ்ச்சி பலவாறாகச் சொல்லப்படும்பொழுது, சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என்று உடையும் உலகும் நிறமாறுகின்றன. இறுதியிலே, மன்னனைக் கொல்ல நெருங்கிய வீரன் கொல்லாது விடுகின்றான். வாட்கலையின் உச்சி, கையிலும் வாளின்றி, நெஞ்சிலும் வாளின்றி நிற்றலே என்பது அப்படத்தின் உபதேசம். அது கொடுங்கோலுக்கு நியாயம் கற்பிக்கின்றது என்று குறைகூறினாரும் உளர், அக்குறை தள்ளத்தக்கதன்று. ஆனால் வாளைப் போற்றப் புகுந்த கலை, தன் முதிர்ச்சியிலே வாளைக் கீழே வைக்கும் இடத்துக்கு வந்து சேர்கின்றதே, அது சிந்திக்கத் தக்கது.

தீவகத்துப் பிள்ளைகளாகிய எமக்கு இப்படம் ஏன் அத்துணை நெருங்கியதாயிற்று? எமது கண்ணெதிரே அதன் காட்சிச் சாலைகள் யாவும் இருந்தன என்பதே விடை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலின் மத்தியில் நிற்கும் கடற்கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது நீரில் மிதக்கும் ஓர் அரக்கு மாளிகை போலத் தோன்றும். அதனுள்ளே மணிமாறனை அடைத்திருக்கின்றார்கள் என்று நாம் சொன்னால் நம்பாத சிறுவர் இல்லை. நெடுந்தீவிலே முருகைக்கல் வேலிகளுக்கிடையே கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள் இருந்தன. ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவு இருந்தது. நயினாதீவிலே பாய்மரத் தோணிகள் இருந்தன. வாள்தான் இல்லை, அதற்குப் பனைமட்டை இருந்தது. கருக்குச் சீவாத மட்டையோடு சண்டையிட்டுக் கையைக் கிழித்துக்கொண்டு, வீட்டிலே வேலியால் விழுந்தோம் என்று சொல்லிய வீரர் எத்தனை பேர்!

எமது முதியோருக்கும் கடற்போர்க் கதை புதிதன்று. கண்ணகியின் சிலம்புக்கு இடுதற்குரிய நாகமணியைத் தேடி மீகாமன் கப்பற் படையோடு இக்கடலுக்கு வந்தான் என்றும், நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் அவனை எதிர்த்துப் பொருதான் என்றும் வழங்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நெடுந்தீவின் மேற்குப்புறத்துக் கற்குவியலை வெடியரசன் கோட்டை என்றே காட்டுவர். அது கதை. சரித்திரமும் உண்டு. நயினாதீவிலுள்ள பராக்கிரமவாகு மன்னனின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்று விதிக்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; பிற சரக்கேற்றிய கப்பல் உடைந்தாற் பாதிக்குப் பாதி என்று அது வகுக்கின்றது. அக்காலத்துச் சோழர் கல்வெட்டோ, அதே பராக்கிரமவாகு ஊராத்துறை முதலிய இடங்களிலே படை திரட்டிக் கப்பல் கட்டுவித்தான் என்று கூறுகின்றது. வாணிகனைக் காக்கும் சட்டமும் போருக்கான ஆயத்தமும் ஒரே துறையில், ஒரே மன்னனின் கீழ் இருந்தன. படத்திலே நாம் கண்ட கப்பல் எமது கடலுக்கு அந்நியமானதன்று.

அடிமைச் சந்தையும் அந்நியமானதன்று. இதைச் சொல்லச் சிறிது துணிவு வேண்டும். பழைய மாணவர் மலரிலே சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது? ஒல்லாந்தர் 1707 இல் நடைமுறைப்படுத்திய தேசவழமைத் தொகுப்பிலே, காணி, சீதனம், ஈடு என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கின்றது. மனிதர் சொத்தாக எண்ணப்பட்டனர் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. 1844 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே இலங்கையில் அடிமைமுறை அடியோடு ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழிந்தது; மனம் ஒழியவில்லை. 1965 இலும் யாழ்ப்பாணத்தின் பல கோயில்களும் தேநீர்க்கடைகளும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1968 இலே மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. படமாளிகையிலே மணிமாறன் அடிமைகளின் பக்கம் நின்று கேள்வி கேட்டபொழுது, கலரியிலிருந்தும் மேல்வகுப்பிலிருந்தும் ஒருங்கே கைதட்டல் எழுந்தது. அக்கைதட்டலுள்ளே இரண்டு பொருள் இருந்தன. ஒரு சாராருக்கு அது வேடிக்கைக் கதை. மற்றொரு சாராருக்கு அது பாட்டனாரின் கதை. ஒரே இருளிலே இருந்து ஒரே காட்சிக்குக் கைதட்டிய அவ்விரு சாராரும், வெளிச்சத்துக்கு வந்ததும் வெவ்வேறு கிணற்றிலே தண்ணீர் அள்ளினர். எனினும் அந்த இருளிலே மூன்று மணி நேரம் ஒருங்கிருந்தமை வீண்போகவில்லை என்பதே எமது எண்ணம். சமத்துவத்தை மேடையிலே கேட்டாற் சண்டைக்கு வருபவர்கள், திரையிலே கண்டாற் கைதட்டினார்கள். கலை இவ்வாறு பின்வாசலால் நுழைந்து வேலை செய்கின்றது.

இதுவரையும் பாராட்டியதெல்லாம் எளிது. இனி எழுதப்போவது எளிதன்று.

1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, அதிற் பயணஞ் செய்த பொதுமக்கள் 20 பேருக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். நாம் பள்ளிக்கு வந்துபோன அதே கடல். 1990 இலே போர் தீவகத்தை மூடியபொழுது ஊர்கள் வெறுமையாயின. கூரைகள் விழுந்தன, கிணறுகளைச் செடி மூடியது. பலர் வன்னிக்கும் கொழும்புக்கும் சென்றனர்; பலர் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து என்று கடல் கடந்தனர். 2009 இலே போர் முடிந்தபொழுது, எமது வகுப்பிற் படித்தவர்களின் முகவரிகள் ஐந்து கண்டங்களிலே சிதறிக் கிடந்தன.

2014 இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ புதுக்கி மெருகேற்றப்பட்டுத் தமிழகத்திலே மீண்டும் திரைக்கு வந்து, புதுப்படங்கள் நாணும்படி நீண்ட நாள் ஓடியது. அச்செய்தி கேட்டு, ரொறன்ரோ நகரிலே பழைய மாணவர் சிலர் ஒருவர் இல்லத்திற் கூடி அப்படத்தைப் பார்த்தோம். வெளியே பனி, உள்ளே கன்னித்தீவு. கப்பலிலே வாட்கள் மோதத் தொடங்கியதும், நெடுந்தீவைச் சேர்ந்த எமது நண்பர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். அப்படகிலே உறவினரை இழந்தவர் அவர். சற்றுப் பொறுத்து அவரிடம் சென்றோம். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“மச்சான், படத்திலை வாளுக்குக் காது இருக்கு. நில் எண்டால் நிக்குது. எங்கடை கடலிலை வந்த வாளுக்குக் காது இருக்கேல்லை. அதுதான் பாக்கேலாமல் எழும்பி வந்தனான்.”

இதற்கு நாம் விடை சொல்ல முடியவில்லை. பல ஆண்டு தமிழ் இலக்கியம் கற்பித்த அன்பரொருவரும் அங்கே இருந்தார். பகைவர் நாட்டின்மீது படையெடுக்குமுன் பசுக்களையும், பெண்டிரையும், நோயாளரையும், மகப்பேறு இல்லாதாரையும் அரண் சேருமாறு அறிவித்த மன்னனைப் புறநானூறு போற்றுகின்றது என்பதையும், துன்புற்ற பகைவனுக்கு உதவுவதே ஆண்மையின் கூர்மை என்று வள்ளுவர் படைச்செருக்கிலே கூறுவதையும் அவர் நினைவூட்டினார். நெடுந்தீவு நண்பர் மறுக்கவில்லை. “அது புத்தகத்திலை,” என்று மட்டும் சொன்னார்.

அப்பொழுது பேசியவர் நயினாதீவைச் சேர்ந்த மற்றொரு நண்பர். அவர் வைத்தியர், போர்க்காலத்திலே மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆசுபத்திரிகளிற் பணிசெய்தவர். அவர் சொன்னது இது:

“எனக்கு அந்தப் படத்திலை வாளைவிட முதற் காட்சிதான் பெரிசு. அவன் காயக்காரனுக்கு மருந்து கட்டுறான். நீ எந்தக் கட்சி எண்டு கேக்கேல்லை. அதுக்குத்தான் அவனை வித்தவங்கள். நாங்களும் ஆஸ்பத்திரியிலை காயத்துக்குப் பேர் கேட்டதில்லை.”

இவ்விரண்டு கூற்றையும் பல நாள் எண்ணிப் பார்த்தோம். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நெடுந்தீவு நண்பர் எழுந்து சென்றது படத்தை இகழ்ந்தன்று. படத்தின் வாளையும் நிசத்தின் வாளையும் ஒன்றென மயங்கியவர் எழுந்து செல்லார். வேறுபாட்டைத் தம் உடம்பிலே அறிந்தவரே எழுந்து செல்வார். வீரப்படங்களைப் பார்த்து இளைஞர் கெட்டனர் என்பாரும், வீரப்படங்களே இனத்துக்கு உயிரூட்டின என்பாரும், இவ்வேறுபாட்டைச் சிறிதும் எண்ணாது பேசுகின்றனர். திரையிலே இருவரும் ஒருவரையொருவர் நம்பி வீசுகின்றனர் என்று முன்னே கூறினோம். ஒத்த ஆயுதம் உடையவனோடு மட்டுமே போர். விழுந்த வாளை எடுக்க எதிரிக்கு நேரம். ஆயுதமற்றோர்மீது கை வையாமை என்பன அத்திரைமரபின் சட்டங்கள். நடுக்கடலிலே நிராயுதபாணிகளை வெட்டிய இரும்புக்கு வாள் என்று பெயர் கொடுப்பதே பிழை. ஆகவே, படத்தின் வாள் பொய்யாயினும், அது ஓர் அளவுகோல். அவ்வளவுகோலை இளமையிலே கண்டிருந்தமையினாலேதான், பின்னாளிலே எவர் கையிலிருந்து எவர்மீது வீழ்ந்ததாயினும், கொடுமையைக் கொடுமை என்று அடையாளங் காண எம்மால் முடிந்தது. ஓர் அழகிய பொய், ஓர் அசிங்கமான மெய்யைக் காட்டிக்கொடுக்கும் விளக்காயிற்று.

ஆயின் அளவுகோல் அறம் ஆகாது. அறத்துக்கு வைத்திய நண்பரின் சொல்லே வழிகாட்டுகின்றது. மணிமாறனை மற்றைய வாள்வீரரினின்றும் வேறுபடுத்துவது அவன் தொழில். வீரனாகப் பிறந்து வாளெடுத்தவன் அல்லன். காயத்தைக் கழுவிய கையாலே வாளெடுக்க நேர்ந்தவன். உடம்பு அறுபட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று அறிந்தவன் கையிலே வாள் இருக்குமாயின், அது தயங்கியே வீசும். சரித்திரத்து ஹென்றி பிற்மனோ தம் கதையிலே வாள்வீரராக நிற்கவில்லை. துன்பத்தைப் பொறுத்துத் தப்பிய வைத்தியராகவே நிற்கின்றார். அவருக்கு வாளைக் கொடுத்துக் கடலெல்லாம் சுழற்றச் செய்தவை நாவலும் சினிமாவும். அவ்வாளை மெச்சும் நாம், மருந்துப் பெட்டியை மறவாதிருத்தல் வேண்டும்.

எமது தீவகத்தின் மிகப் பழைய போர்க்கதை இவ்விடத்திலே நினைவுக்கு வருகின்றது. நாக அரசர் இருவர், ஒரு மணிப்பீடத்துக்கு உரிமைகோரிப் பெரும்படையுடன் எதிர்நின்றனர் என்றும், புத்தர் பெருமான் தோன்றி அறமுரைத்துப் போரை நிறுத்தினார் என்றும் மணிமேகலை கூறுகின்றது. மகாவம்சமும் நாகதீபத்திலே நடந்ததாக அதனைக் கூறுகின்றது. மணிபல்லவம் நயினாதீவே என்பர் அறிஞர் பலர். அத்தீவிலே இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் நிற்கின்றன. தமிழ்க் காப்பியமும் பாளி நூலும் பலவற்றில் முரண்படுபவை. ஆனால் இந்தக் கடலிலே ஒருகால் வாட்கள் உறையிலிடப்பட்டன என்பதில் இரண்டும் ஒருப்படுகின்றன. சீனப்படம் 2002 இலே கோடி செலவிற் சொன்ன பாடத்தை, குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறும் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகக் கதையாய்ச் சொல்லி வந்தனர்.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்று உண்டு. பழைய வாட்படங்களைப் பழமை என்று தள்ளாது பாருங்கள். பாயின் விரிவையும், நிறத்தின் பொலிவையும், இருவர் உடல்கள் ஒரே தாளத்தில் அசையும் ஒழுங்கையும் கண்ணாரக் காணுங்கள். அழகை இரசித்தல் குற்றமன்று. துன்புற்ற இனத்துக்கு அது இன்னும் வேண்டியது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கையில் உங்களருகே ஒருவர் எழுந்து வெளியே சென்றால், அவரைப் பகடி செய்யாதீர்கள். அவருடன் எழுந்து சென்று என்னவென்று கேளுங்கள். படம் காத்திருக்கும்.

கடற்கோட்டை இன்றும் நீரின் நடுவே நிற்கின்றது. நெடுந்தீவுக் குதிரைகள் இன்றும் மேய்கின்றன. வெட்டுண்ட குமுதினிப் படகும் செப்பனிடப்பட்டுப் பின்னரும் பல்லாண்டு அதே கடலிலே, அதே மக்களை ஏற்றி இறக்கியது. அப்படகை மீண்டும் ஓட்டிய மாலுமியும், அதிலே மீண்டும் கால் வைத்த தாய்மாரும் எந்தத் திரைப்படத்திலும் வந்தாரல்லர். அவர்கள் வீரத்தையும் இம்மலரின் ஒரு மூலையிலே எழுதி வைத்தல் தகும் என்று கருதி எழுதி வைத்தோம்.